அத்திவாரமும் வீட்டுக்காரரும்

மன்னார்த் தீவில் சில முழம் தோண்டினாலே மணலில் நீர் ஊறும். பல இடங்களில் அது உவர்நீர். பாலத்தைக் கடந்து பெருநிலப்பரப்புக்குப் போனால் மண் மாறிவிடும். முருங்கன் பக்கத்துக் களிமண் மாரியில் நீரைக் குடித்துப் பொருமும். கோடையில் சுருங்கி வெடிக்கும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் களி போனதும் அங்கிருந்துதான். இந்த இரு மண்ணிலும் கட்டடங்களின் ஆயுளை அத்திவாரமே தீர்மானித்து வந்திருக்கிறது.

1560இல் போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின்னர் திருத்திக் கட்டிய மன்னார்க் கோட்டையின் மதில்கள் இன்றும் நிற்கின்றன. அரிப்பில் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த 'டொரிக்' மாளிகைக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. சுவர்கள் தடித்தவைதாம். ஆனால் அது நின்ற கரையோர மேட்டைக் கடல் அரித்தது. அடிமண் போகப் போகச் சுவர்களும் சரிந்தன.

சீமெந்தும் கம்பியும் வந்தபின் புதுவகைத் தவறுகள் வந்தன. அவை பெரும்பாலும் ஒப்பந்தகாரரின் அவசரத்தில் பிறப்பவை. கிடங்கை ஆழமாக வெட்டாமல் விடுவது, நிரப்பிய மண்ணை இடித்து இறுக்காமல் அதன்மேல் கட்டுவது, கலவை இலகுவாக ஓடவேண்டும் என்று நீரைக் கூட்டுவது, கழுவாத கடல்மணலைச் சேர்ப்பது ஆகியன அவற்றுட் சில. கடல்மணலிலுள்ள உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பதால் கொங்கிரீட் உள்ளிருந்தே பிளக்கும். இவை எதுவும் குடிபூரும் நாளில் தெரிவதில்லை. சில மாரிகள் கழிந்தபின், யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பாகத் தெரியவரும்.

அப்படியான கட்டடத்தை இடிக்காமலே காப்பாற்ற வழியுண்டு. இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயம் சதுப்பு மண்ணில் கட்டப்பட்டு, நூற்றாண்டுகள் கழித்து வெடித்துச் சாயத் தொடங்கியது. 1906 முதல் 1911 வரை வில்லியம் வாக்கர் என்ற சுழியோடி, அதன் கீழ் நீர் நிரம்பிய இருண்ட கிடங்குகளில் இறங்கி, 25,000க்கும் மேற்பட்ட கொங்கிரீட் மூடைகளை அடுக்கினார். அதன் பின்னரே நீரை இறைத்து மேசன்மார் வேலை செய்ய முடிந்தது.

சாதாரண வீட்டிலும் முறை ஏறத்தாழ இதுதான். சுவருக்கடியில் சுமார் ஒரு மீற்றர் அகலமான துண்டுகளாக, அடுத்தடுத்து வராதபடி தோண்டவேண்டும். முழு நீளத்தையும் ஒரே தடவையில் தோண்டினால் சுவர் விழுந்துவிடும். உறுதியான மண் வரும்வரை இறங்கிக் கொங்கிரீட் இட்டு, அது இறுகியபின் பழைய அத்திவாரத்துக்கும் புதியதற்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஈரம் குறைந்த சாந்தை இறுக்கி அடைக்கவேண்டும். பிறகே அடுத்த துண்டு. பொறியியலாளரின் மேற்பார்வையில், பொறுமையாகச் செய்யவேண்டிய வேலை, செலவும் அதிகம்.

போருக்குப்பின் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு இந்தச் செலவு எட்டாத ஒன்று. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் முதல் 1,000 வீடுகள் 2010 முதல் 2012 வரை, மன்னார் உட்பட வடக்கின் 5 மாவட்டங்களிலும் ஒப்பந்தகாரர் மூலம் கட்டப்பட்டன. 2012 ஒக்டோபர் 2இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில், வீட்டுக்காரரே கட்டும் முறை வந்தது. ஒரு புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபா, வேலையின் முன்னேற்றத்தைப் பார்த்துத் தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. துணையை இழந்த பெண்கள் பலரும் பயனாளிகளாயினர். கிடங்கின் ஆழத்தை அளப்பதும், கல்லையும் மணலையும் பார்த்து வாங்குவதும், கட்டிய வேலைக்கு நாள்தோறும் நீரூற்றுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பாயின. பின்னர் 65,000 உருக்கு வீடுகளை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் யோசனை எழுந்தபோது, மாதிரி வீடுகளைப் பார்த்தோர் வைத்த குறைகளில் ஒன்று அத்திவாரம் போதாது என்பது. காற்றோட்டக் குறைவும் அடுப்புக்கு இடமின்மையும் கூடவே சுட்டப்பட்டன. அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. அத்திவாரத்தைக் கேள்வி கேட்கும் பழக்கம் அதற்குள் மக்களிடம் வேரூன்றியிருந்தது.

கடல் கடந்து வாழும் பழைய மாணவியர் பலர் ஊரில் வீட்டுக்கும் கோயிலுக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் பணம் அனுப்புகின்றனர். திறப்புவிழாப் படம் எப்படியும் வந்துசேரும். அதற்கு முன்னர், மூடாத கிடங்கின் படமொன்றைக் கேட்டு வாங்குங்கள்: அளவுநாடா தெரியவேண்டும், கம்பி வெறும் மண்ணில் கிடக்காமல், கட்டைகள் வைத்து உயர்த்தப்பட்டிருக்கவேண்டும், மணல் எங்கிருந்து வந்தது என்பதையும் விசாரியுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. கிடங்கை மூடிய பிறகு அதே கேள்விக்கு விடை காண, சுவருக்கடியில் துண்டு துண்டாகத் தோண்டவேண்டி வரும்.