அனந்தராமனும் சதுரங்கக் கணிப்பொறியும்

1997 மே மாதம் உலகச் சதுரங்க வீரர் கேரி காஸ்பரோவை ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ கணிப்பொறி 3½ - 2½ என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. இது பலருக்கும் தெரிந்த செய்தி. அந்தக் கணிப்பொறி சில மாணவர்களின் முயற்சியிலிருந்து வளர்ந்தது என்பதும், அவர்களில் தாமஸ் அனந்தராமன் ஒருவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்த அனந்தராமன், 1980களில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். அங்கே தைவானைச் சேர்ந்த ஃபெங்-ஷியுங் சூ, காய் நகர்த்தல்களைக் கண்டுபிடித்துத் தரும் சில்லு ஒன்றை வடிவமைத்திருந்தார். அந்தச் சில்லும் அனந்தராமன் எழுதிய நிரலும் சேர்ந்தபோது சிப்டெஸ்ட் பிறந்தது. மர்ரே கேம்பல் என்பவரும் இவர்களோடு சேர்ந்துகொண்டார். 1987இல் வட அமெரிக்கக் கணிப்பொறிச் சதுரங்கப் போட்டியில் சிப்டெஸ்ட் முதலிடம் பெற்றது.

வேகம் மட்டும் இருந்தால் போதுமா? பவானிப் பக்கத்துத் திண்ணைகளில் ஆடும் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்டை வைக்கும் முன், 'இங்கே வைத்தால் புலி எங்கே தாவும், அப்புறம் என்ன செய்யலாம்' என்று மனதுக்குள் ஆடிப் பார்க்கிறோம். கணிப்பொறி செய்வதும் அதுவே. ஆனால் ஒவ்வொரு படியிலும் வழிகள் பல மடங்கு பெருகுவதால், எங்காவது ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும். நிறுத்திய இடத்துக்கு அடுத்த படியிலேயே ஆடு வெட்டுப்பட்டால்?

இதற்கு மூவரும் ஒரு வழி கண்டார்கள். ஒரு நிலையில் ஒரே ஒரு நகர்த்தல் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக மேம்பட்டுத் தெரிந்தால், அந்த வழியைக் கூடுதல் ஆழத்துக்குத் தேட வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர், 'இதைவிட்டால் வேறு கதியில்லை' என்ற இடத்தில் நின்று யோசிப்பதைப் போன்றது இது.

அடுத்து வந்த டீப் தாட், 1988இல் கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனைத் தோற்கடித்தது. முறையான போட்டி ஆட்டத்தில் கணிப்பொறியிடம் தோற்ற முதல் கிராண்ட்மாஸ்டர் அவர்தான். ஆனால் 1989இல் காஸ்பரோவ் அதை 2-0 என்று வீழ்த்தினார்.

1990இல் சதுரங்கத் தேடல் பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்ற அனந்தராமன், சிறிது காலத்தில் ஐ.பி.எம்.மை விட்டு விலகினார். பின்னாளில் மரபணுத் தொகுதிகளை வரைபடமாக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய்ந்த டீப் புளூ வென்றபோது சூவும் கேம்பலும் குழுவில் இருந்தனர், அனந்தராமன் இல்லை. புகழ் கடைசி ஆட்டத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அதற்கான அடித்தளத்தில் அவருடைய உழைப்பு இருக்கிறது.