மலேரியா மாத்திரையும் டாக்சிசைக்ளினும்: எந்தக் காய்ச்சலுக்கு எது?

குளிர் நடுக்கம், தலைவலி, உடல்வலியுடன் காய்ச்சல் நாள்கணக்கில் நீடிக்கும்போது, சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மருத்துவர் கருத்தில் கொள்ளும் நோய்களுள் மலேரியாவும், ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலும் அடங்கும். தொடக்கத்தில் அறிகுறிகளை மட்டும் கொண்டு இவற்றைப் பிரித்தறிவது கடினம். ஆனால் மருந்துகள் வெவ்வேறானவை. பக்கத்து வீட்டாருக்குக் குணமளித்த மாத்திரை உங்களுக்கும் குணமளிக்கும் என எண்ணுதல் ஆபத்தானது.

மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து ஹீமோகுளோபினை உண்ணும் ஒட்டுண்ணியாகும். அதில் எஞ்சும் நச்சுக்கழிவை அது தீங்கற்ற பொருளாக மாற்றிக்கொள்கிறது. குளோரோகுயின் அம்மாற்றத்தைத் தடுப்பதால் ஒட்டுண்ணி தன் கழிவாலேயே அழிகிறது. உண்ணிக் காய்ச்சலை உண்டாக்குவதோ ஒரு பாக்டீரியா. புதர்களிலும் வரப்புகளிலும் வாழும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத உண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் அது பரவுகிறது. அப்பாக்டீரியாவின் புரத உற்பத்தியை டாக்சிசைக்ளின் நிறுத்துகிறது. குளோரோகுயினுக்கு இங்கு வேலையில்லை.

டாக்சிசைக்ளின் மலேரியா ஒட்டுண்ணியையும் ஓரளவு தாக்கும். எனவே மலேரியா மிகுந்த பகுதிகளுக்குச் செல்வோருக்குத் தடுப்பு மருந்தாகவும், குயினைனுக்குத் துணை மருந்தாகவும் அது தரப்படுவதுண்டு. ஆயினும் அது மெதுவாகவே செயல்படும்; மலேரியா கண்டவருக்கு அதனை மட்டும் தருவது சிகிச்சையாகாது.

இரத்தத் தடவல் பரிசோதனையோ விரைவுப் பரிசோதனையோ மலேரியாவை அன்றே காட்டிவிடக்கூடும். உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனை முதல் சில நாள்களில் தெளிவான விடை தராமல் போகலாம். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படலாம் என்பதால், முடிவு வருமுன்னரே மருத்துவர் டாக்சிசைக்ளினைத் தொடங்குவது முறையானதே. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் பீடிச் சூடு பட்டதுபோன்ற கருநிறப் பொருக்கு உள்ளதா எனப் பாருங்கள். அது வலிப்பதில்லை, ஆகவே பலர் கவனிப்பதில்லை, கவனித்தவர்களும் கூச்சத்தால் சொல்வதில்லை. அதனை மருத்துவரிடம் காட்டுவது பல பரிசோதனைகளுக்கு ஈடாகும்.

அதே அளவு முக்கியமானது உங்கள் பயண விவரம். நாமக்கல் லாரிகளிலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் பணிபுரிவோர் ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் சென்று திரும்புகின்றனர். அங்கு ஃபால்சிபேரம் வகை மலேரியா மிகுதி. அதற்குக் குளோரோகுயின் போதாது. ஆர்ட்டிசுனேட் சேர்ந்த கூட்டு மருந்து தேவை. சில மாதங்களுக்கு முன் சென்றிருந்தாலும் தெரிவியுங்கள். வைவாக்ஸ் வகை கல்லீரலில் உறங்கிக் கிடந்து பின்னர் திரும்பும். அதனாலேயே அதற்கு 3 நாள் குளோரோகுயினுடன் 14 நாள் பிரைமாகுயினும் தரப்படுகிறது. காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திவிட்டால் நோய் மீளக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் தரப்படுவதில்லை. சிறுநீர் கருமையாகப் போனால் அம்மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

டாக்சிசைக்ளின் பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மி.கி. வீதம் நாளொன்றுக்கு இருமுறை, 7 நாள்கள் தரப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தேர்ந்தெடுக்கப்படுகிறது. கடும் நோயாளிகளுக்கு இவ்விரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துத் தருவது ஒன்றை மட்டும் தருவதைவிடச் சிறந்தது என, இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. மாத்திரையை ஒரு தம்ளர் நிறைய நீருடன் விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காதிருங்கள். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். பால், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுடன் சேர்த்து உட்கொள்ள வேண்டாம். வெயிலில் தோல் எளிதில் கன்றும். வயல்வேலை செய்வோர் உடலை மூடிக்கொள்க.

டாக்சிசைக்ளின் தொடங்கி 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணியாவிடில் மீண்டும் மருத்துவரைக் காணுங்கள். நோய் வேறாக இருக்கலாம். ஏற்கெனவே விழுங்கிய மாத்திரைகளின் அட்டையையும் கொண்டு வாருங்கள். மூச்சுத்திணறல், குழப்பம், வலிப்பு, சிறுநீர் குறைதல், மஞ்சள் காமாலை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் 108-ஐ அழையுங்கள்.