உத்தியும் ஏலமும்

அருணாசல மலையின் தென்பாதத்தில், 1922-இல் சமாதியடைந்த அன்னை அழகம்மையின் நினைவிடத்தைச் சுற்றி எழுந்த ரமணாசிரமத்துக்கு வருவோர் பகவானின் மௌனத்தையே பெரிதும் நினைப்பது இயல்பே. ஆயினும், 1896 செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையை வந்தடைந்த, பின்னாளில் ரமணரான பதினாறு வயது வேங்கடராமன், மதுரையில் கால்பந்து, மல்யுத்தம், சிலம்பம் ஆகியவற்றில் உற்சாகத்தோடு ஈடுபட்டவன் என்பதும், அவன் சேர்ந்த கட்சியே வெல்லும் என்று கண்ட தோழர்கள் அவனைத் 'தங்கக்கை' என்று அழைத்தனர் என்பதும் அவருடைய சரித்திரத்தில் உள்ள செய்திகளே.

அத்தகைய ஒருவன் எக்கட்சிக்குப் போவது என்னும் வழக்கைத் தீர்க்க நம் கிராமத்துப் பிள்ளைகள் கண்ட உபாயம் உத்தி பிரித்தல். உயரத்திலும் பலத்திலும் ஏறக்குறைய ஒத்த இருவர் தோளில் கைபோட்டு ஒதுங்கிச் சென்று, தமக்குள் இரகசியமாக ஆளுக்கொரு பூவின் பெயரையோ கனியின் பெயரையோ சூட்டிக்கொண்டு திரும்புவர். பெயருக்குரியவன் யாரென்றறியாமலே ஒரு தலைவன் ஒன்றைக் கேட்பான். மற்றவன் எதிர்க்கட்சிக்குப் போவான். செல்வமோ செல்வாக்கோ நுழைய இடமில்லாத இம்முறையின் நேர்மை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

சடுகுடு கபடியாகி, 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய போட்டியாகி, 2014-இல் புரோ கபடி லீக்காக வளர்ந்தபோது, உத்தியின் இடத்தை ஏலம் பிடித்துக்கொண்டது. ஏலத்தில் பெரும்பாலும் விலை ஏறுவது பாடிச் செல்லும் ரைடருக்கே. ஏனெனில் தனியொருவன் மூச்சடக்கிச் சென்று மீள்வது கண்ணுக்குத் தெரிகிறது. பிடிப்பவர்களின் வரிசையோ பழக்கத்தால் விளைவது. கார்னரில் நிற்பவன் கணுக்காலைப் பற்றும் அதே கணத்தில் கவரில் நிற்பவன் மார்பால் மறிக்க வேண்டும்; இமைப்பொழுது பிசகினாலும் எதிரி கோட்டைத் தொட்டுவிடுவான். இத்தகைய ஒற்றுமை ஒரே நாள் ஏலத்தில் கிடைப்பதன்று.

2017-இல் தோன்றிய தமிழ் தலைவாஸ் அணி இதைக் கற்கக் கொடுத்த விலை பெரிது. அஜய் தாக்கூரைத் தலைவராகக் கொண்டு முதலிரு பருவங்களில் தன் பிரிவின் கடைசியிடத்தையும், 2019-இல் ராகுல் சௌதரியையும் சேர்த்துக்கொண்டு பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாமிடத்தையும் அது பெற்றது. அதன்பின் சாகர், சாஹில் குலியா, மோஹித், ஹிமான்ஷு, அபிஷேக் முதலிய இளைஞர்களைக் கொண்டு தற்காப்பு வரிசை கட்டப்பட்டது. உடனடியாகப் பலனில்லை, அடுத்த பருவத்திலும் பதினொன்றாமிடமே கிட்டியது. ஆனால் அவ்விளைஞர்களை அணி கைவிடாமல் வைத்துக்கொண்டதே அதன் வரலாற்றில் மிகச் சிறந்த முடிவு என்பேன்.

2022-இல், ஓரணி செலவிடத்தக்க மொத்தத் தொகை 4.4 கோடி ரூபாயாக இருக்க, அதில் பாதிக்கு மேல், 2 கோடியே 26 லட்சம் கொடுத்து பவன் ஷெராவத்தை வாங்கினர். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்று அவர் அப்பருவம் முழுவதும் விலக நேர்ந்தது. அணி சிதையுமென்று அஞ்சிய வேளையில், இடையில் பயிற்சிப் பொறுப்பேற்ற அஷன் குமாரின் மேற்பார்வையில், அதுவரை லீக்கில் ஆடியிராத நரேந்தர் ரைடிங்கில் 240-க்கு மேற்பட்ட புள்ளிகளைக் குவிக்க, பின்னே அந்தத் தற்காப்பு வரிசை தாங்கிநிற்க, தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதியை எட்டி, புனேரி பல்தானிடம் இரண்டே புள்ளிகளில் தோற்றது.

பெயரில் தமிழைத் தாங்கிய அவ்வணியின் முதன்மையான ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வடநாட்டுப் பிள்ளைகள். அதே லீக்கில், தஞ்சை மண்ணில் பிறந்து தற்காப்பிலேயே புகழ்பெற்ற தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைக் கடந்த பின், 2016-இல் தலைமையேற்றுக் கோப்பை வாங்கித் தந்தது பாட்னாவுக்கு.