நான்கு பென்னி

 

துப்பறியும் கதைகளில் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு தொடக்கம் உண்டு. வெளியே போய்ப் பேர் வாங்கிய துப்பறிவாளர், விநோதமான கொலைகள் நடக்கிற தன் பழைய ஊருக்குத் திரும்பி வருகிறார். அங்கே எல்லாரையும் அவருக்குத் தெரியும். அதனாலேயே கடைசி அத்தியாயத்தில் கொலையாளி பிடிபட்டுவிடுவான். வரலாற்றில் இது ஒருமுறை உண்மையாகவே நடந்தது. ஆனால் கடைசி அத்தியாயம் வேறு மாதிரி முடிந்தது.

அவர் பெயர் பிரெடரிக் ஆபர்லைன். 1843இல் இங்கிலாந்தின் தெற்கே, டார்செட்டில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். கடிகார வேலை பார்த்தவர். 1863இல் லண்டன் போலீசில் சேர்ந்தார். 1873இல் இன்ஸ்பெக்டராகிக் கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பலுக்குப் போனார். அங்கேயே 14 ஆண்டுகள். பிறந்த மண் அல்ல. ஆனாலும் அதுதான் அவருடைய ஊர். பிழைக்கப் போன இடம் எப்போது சொந்த ஊராகிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1887இல் அவரை அங்கிருந்து மாற்றினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து யார்டு. ஒயிட்சேப்பல்காரர்கள் விருந்து வைத்து, தங்கக் கடிகாரம் பரிசளித்து அனுப்பினார்கள். கடிகாரக்காரருக்கே கடிகாரம்!

மறு ஆண்டு, 1888 ஆகஸ்ட் 31 விடியற்காலை, பக்ஸ் ரோ என்ற தெருவில் மேரி ஆன் நிக்கல்ஸ் என்ற பெண்ணின் உடல் கிடந்தது. இன்றைய ஒயிட்சேப்பல் ரயில் நிலையத்துக்குப் பின்புறம்தான் அந்த இடம். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் போகிற நம்மவர்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள். ஒயிட்சேப்பலை அறிந்தவர் என்பதற்காகவே ஆபர்லைனைத் திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகு நவம்பர் 9க்குள் மேலும் நான்கு பெண்கள். உலகம் அந்தக் கொலையாளியை 'ஜாக் தி ரிப்பர்' என்கிறது.

போலீஸ் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகப் போனார்கள். 80,000 துண்டறிக்கைகள் கொடுத்தார்கள். விடுதிகளில் தங்கியவர்கள் 2,000 பேருக்கு மேல் விசாரிக்கப்பட்டார்கள். சுமார் 80 பேரைப் பிடித்து வைத்து விசாரித்தார்கள். இத்தனையும் அக்டோபருக்குள். ஆள் கிடைக்கவில்லை.

ஏன்? ஆபர்லைனுக்குத் தெரிந்தது ஊரின் உறவுகள். யாருக்கு யாருடன் பகை, திருட்டுச் சாமான் யாரிடம் போகும், யார் யாரைக் காட்டிக்கொடுப்பான் என்பது. இங்கே கொன்றவனுக்கும் செத்தவர்களுக்கும் அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. தடயம் பேசவேண்டும். ஆனால் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியதே 1897இல்; ஸ்காட்லாந்து யார்டுக்கு அது வந்தது 1901இல்.

தடயம் பேசாத இடத்தில் வதந்தி பேசும். ரஷ்யப் பேரரசில் நடந்த தாக்குதல்களுக்குத் தப்பி வந்த யூதர்கள் அப்போது ஒயிட்சேப்பலில் நிறைய இருந்தார்கள். 'ஓர் ஆங்கிலேயன் இதைச் செய்திருக்கமாட்டான்' என்ற பேச்சு பரவியது. ஜான் பைசர் என்ற யூதச் செருப்புத் தொழிலாளியைக் கைது செய்தார்கள். அவர் வேறு இடத்தில் இருந்தது நிரூபணமாகி விடுதலையானார். கொலை நடந்த இரவொன்றில், யூதர்களைக் குறிப்பிடும் ஒரு வாசகம் சுவரில் சாக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது. விடிந்தால் கலவரம் வரும் என்று பயந்து, போலீஸ் கமிஷனர் சார்லஸ் வாரன் அதைப் புகைப்படம் எடுக்கும் முன்பே அழிக்கச் சொன்னார். வந்தேறியின் மேல் முதலில் விழுகிற சந்தேகத்தைப் பற்றியும் நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இப்போது ஒரு சின்ன விவரம். இந்தப் பேச்சே அதற்காகத்தான். ஏழைகள் தங்கும் விடுதியில் ஒரு ராத்திரிப் படுக்கைக்கு அன்று நான்கு பென்னி. மேரி ஆன் நிக்கல்ஸ் அன்றிரவு அந்தக் காசு இல்லாமல் விடுதியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர். எட்டு நாள் கழித்துக் கொல்லப்பட்ட ஆனி சாப்மனும் அப்படித்தான். படுக்கைக் காசு தேடித் தெருவில் நின்றவர்கள்.

1892இல் ஆபர்லைன் ஓய்வு பெற்றபோது வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரை சொல்கிறது: பகல் முழுக்க விசாரணையை நடத்திவிட்டு, இரவில் விடியும்வரை தெருக்களில் நடப்பாராம். வீடில்லாத பெண்களைப் பார்த்தால் நான்கு பென்னியோ ஆறு பென்னியோ கொடுத்து, போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்வாராம்.

கொலையாளி யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் கொலை எதனால் சாத்தியமாகிறது என்று தெரிந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த நிபுணர் கத்தியைத் தேடியிருப்பார். ஊரை அறிந்தவர் படுக்கைக் காசைப் பார்த்தார். அந்தக் காசு எத்தனை பேரைக் காப்பாற்றியது என்பது எந்த ஏட்டிலும் இல்லை. நடக்காமல் போன கொலைகளுக்குக் கோப்பு கிடையாது.

ஆபர்லைன் 1929இல் போர்ன்மவுத்தில் இறந்தார். தோற்றுப்போன துப்பறிவாளர் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். நூறு புத்தகங்கள் அந்தக் கொலைகாரனின் பெயரைத் தேடுகின்றன. நாம் இன்று ஒரு நிமிடமாவது அந்த நான்கு பென்னியை நினைத்துக்கொள்வோம்.