ஒப்டிமஸ் பிரைம் யாரிடமிருந்து ஒளிகிறார்?

ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் விளம்பரங்களில் நாற்பது வருடமாகத் திரும்பத் திரும்ப வரும் வாசகம் ஒன்று இருக்கிறது. இவர்கள் மாறுவேடம் போட்ட ரோபோக்கள் என்பதுதான் அதன் கருத்து. மாறுவேடம் எண்டால் யாரோ ஒருவரிடமிருந்து ஒளிய வேண்டும். பார்க்கிறவர் ஏமாற வேண்டும். ஆனால் 2010இல் ஹாஸ்ப்ரோ கம்பனி ஒரு வீடியோ கேமை அடிப்படையாக வைத்து வெளியிட்ட ஒப்டிமஸ் பிரைம் பொம்மையை எடுத்துப் பாருங்கள். அது ஒரு லொறியாக மாறும். அந்த லொறி பூமியில் ஓடுகிற எந்த லொறியும் இல்லை. கதை நடக்கிற சைபர்ட்ரோன் கிரகத்தில் மனிதர்களே இல்லை. அங்கே எல்லாருக்கும் இவர் ஆரெண்டு தெரியும். பிறகு ஏன் லொறி?

இதற்குப் பதில் தேடினால் யப்பானுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1980இல் டகாரா கம்பனி 'டயாக்லோன்' என்ற பொம்மை வரிசையைத் தொடங்கியது. அதில் ரோபோக்களுக்கு உயிர் இல்லை. அவை இயந்திரங்கள், உள்ளே ஒரு விரல் நுனியளவு மனிதர் இருந்து ஓட்டுவார். சில வருடங்களில் அந்த ரோபோக்கள் நிசக் கார்களாகவும் லொறிகளாகவும் மாறத் தொடங்கின. பின்னாளில் ஒப்டிமஸ் பிரைம் ஆன 'பேட்டில் கான்வாய்' லொறியும் அந்த வரிசைதான். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் சோஜி கவாமோரி. எந்தப் பகுதி எங்கே மடியும் என்பதை லெகோ கட்டைகளை அடுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற ஆள். டகாரா இன்னொரு வரிசையும் வைத்திருந்தது: 'மைக்ரோ சேஞ்ச்'. அதில் வீட்டில் கிடக்கும் சாமான்கள் ரோபோவாக மாறும். கசெட் றெக்கோடர், கமரா, மைக்ரோஸ்கோப், பிஸ்டல்.

இந்த இரண்டையும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகலாம் என்று ஹாஸ்ப்ரோவை நம்ப வைத்தவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். இவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 1923இல் போலந்தில் பிறந்த யூதர். பெற்றோரை நாசிகள் கொன்றார்கள். ஒரு வதைமுகாமில் இருந்து இன்னொன்றுக்கு என்று பல முகாம்களைக் கடந்து உயிர் தப்பி அமெரிக்கா போய், அங்கே விளையாட்டுச் சாமான் வியாபாரத்தில் இறங்கியவர். ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறுவதில் இந்த மனிதருக்கு என்ன தெரிந்ததோ, அதைக் கண்டவுடன் பிடித்துக்கொண்டார். நான் இதற்கு மேல் அர்த்தம் கற்பிக்கப் போவதில்லை. ஆனால் ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் வரலாற்றை எழுதுகிற கனபேர் இவரை ஒரு வரியில் கடந்து போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஹாஸ்ப்ரோ செய்த பெரிய மாற்றம் உள்ளே இருந்த மனிதரை வெளியே எடுத்ததுதான். ரோபோக்களுக்கே உயிர் கொடுத்தார்கள். பெயர், குணம், கட்சி எல்லாவற்றையும் மார்வெல் காமிக்ஸ்காரர் எழுதிக் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அச்சு பழையது. அதனால் முதல் வந்த கார்களுக்குள் அந்தக் குட்டி மனிதருக்கான இருக்கைகள் அப்படியே இருந்தன. ஆள் இல்லாத இருக்கை. 1984 செப்டெம்பரில் கார்ட்டூன் தொடர் வந்தது. அதே வருடம்தான் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு சிறுவர் நிகழ்ச்சிகளுக்கான விளம்பர நேரக் கட்டுப்பாடுகளை நீக்கியது. அதாவது பொம்மை முதலில், கதை பிறகு. பொம்மையை விற்கிறதுக்கு ஒரு கதை தேவைப்பட்டது, அவ்வளவுதான். இதை ஒருத்தரும் மறைக்கவும் இல்லை. 1986 திரைப்படத்தில் ஒப்டிமஸைச் சாகடித்ததற்குக் காரணமும் அடுத்த வருடப் பொம்மைகளுக்கு இடம் விடுவதுதான். பிள்ளைகள் தியேட்டரில் அழுதபோதுதான் தாங்கள் விற்றது வெறும் பிளாஸ்டிக் இல்லை என்று கம்பனிக்கே விளங்கியது.

அந்தக் கதைக்கு ஒரு பின்னணி தேவை. சைபர்ட்ரோனில் நெடுங்கால உள்நாட்டுப் போர். கிரகத்தில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. ஒரு கூட்டம் கப்பல் ஏறிப் புறப்படுகிறது, பூமியில் விழுகிறது, பல இலட்சம் வருடம் உறங்கி 1984இல் எழும்புகிறது. முதல் அத்தியாயத்தில் சைபர்ட்ரோன் போருக்குக் கிடைத்தது சில நிமிடங்கள் மட்டும். மிச்சம் எல்லாம் பூமி, கார், லொறி, அமெரிக்கப் பெடியள். ஏனெண்டால் கடையில் இருந்தது கார்ப் பொம்மைகள்.

மாறுவேடம் அங்கே வேலை செய்தது. பம்பிள்பீ ஒரு வோக்ஸ்வேகன் பீற்றில். ஒப்டிமஸ் அமெரிக்க நெடுஞ்சாலையில் தினமும் ஓடுகிற லொறி. வாசலில் நிற்கிற அப்பாவின் கார் ராவில் எழும்பி நடக்கலாம் என்று ஓகாயோவில் இருக்கிற பிள்ளை நினைக்கும். அந்தச் சின்னப் பயம்தான், அந்தச் சின்னச் சந்தோசம்தான், இந்தப் பொம்மையின் உயிர்.

இப்ப இதை எழுவைதீவில் வைத்து யோசியுங்கள். ஊர்காவற்றுறையில் இருந்து படகில் போகிற சின்னத் தீவு. ஓடுவது பெரும்பாலும் சைக்கிள், மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்டர். முன்பக்கம் தட்டையான அமெரிக்க லொறி எங்களுக்கு எப்படி மாறுவேடம் ஆகும்? அதுவே ஒரு வேற்றுக்கிரக வாகனம். மறுபக்கம், பெரியவர்கள் சின்ன வயதில் செய்த பனங்காய் வண்டிலைப் பாருங்கள். இரண்டு பனங்காயைத் தடியால் இணைத்து, கவைத்தடியால் தள்ளிக்கொண்டு ஓடுவது. சாப்பிடுகிற சாமான் சில்லாக மாறுகிறது. அது என்னவென்று ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை.

1984 பொம்மைகளில் எங்கட சனத்துக்கு உடனே பிடிபடக்கூடியது சவுண்ட்வேவ்தான். அவன் ஒரு கசெட் றெக்கோடர். நெஞ்சைத் திறந்தால் கசெட் வெளியே வந்து பறவையாகவும் மிருகமாகவும் மாறும். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பற்றறியும் மின்சாரமும் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டும் செய்தியும் கேட்ட தலைமுறைக்கு அந்தப் பெட்டி எவ்வளவு பெரிய ஆள் என்று சொல்லத் தேவையில்லை. மெகாட்ரோன் அதற்கு நேரெதிர். முதல் மெகாட்ரோன் ஒரு வோல்தர் பி38 பிஸ்டல், ஏறத்தாழ நிசத்தைப் போலவே. நிசத் துப்பாக்கிபோல் தெரிகிற பொம்மைகளுக்கு அடையாளக் குறி வேண்டும் என்று அமெரிக்காவிலேயே 1988இல் சட்டம் வந்தது. தீவகத்தில், நேவியின் செக்பொயின்ற் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பையில் அப்படி ஒரு மாறுவேடம் இருந்தால் என்ன நடக்கும்? மாறுவேடம் யாரை ஏமாற்றும் என்பது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

2010 யூனில் ஹை மூன் ஸ்டுடியோஸ் உருவாக்கி ஆக்டிவிஷன் வெளியிட்ட 'வோர் ஃபோர் சைபர்ட்ரோன்' வந்தது. அது கார்ட்டூன் சில நிமிடத்தில் கடந்துபோன அந்தப் போரை முழுசாக எடுத்துக்கொண்டது. பூமி இல்லை, மனிதர் இல்லை. பத்து அத்தியாயங்கள், முதல் ஐந்தில் நீங்கள் மெகாட்ரோனின் பக்கம் நின்று அடிக்கிறீர்கள், அடுத்த ஐந்தில் அந்த அடியை வாங்கிய பக்கம் நிற்கிறீர்கள். கடைசியில் வெற்றி பெற்றும் பிரயோசனம் இல்லை. கிரகத்தின் மையம் செத்துக்கொண்டிருக்கிறது, சனம் வெளியேறத்தான் வேண்டும். 2012இல் வந்த 'ஃபோல் ஒஃப் சைபர்ட்ரோன்' அந்தக் கடைசிக் கப்பலைப் பற்றியது. எரிபொருள் இல்லாத ஊர், ஏறிப் போகிறவர்கள், நிற்கிறவர்கள். இங்கே போர் முடிந்தது 2009 மேயில். கேமை எழுதினவைக்கு எங்களைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் 1990களின் தொடக்கத்தில் தீவகத்தின் பெரும்பகுதி வெறிச்சோடியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதை வேறு மாதிரித்தான் விளையாடுவார்கள்.

விளையாடினால்தான். எழுவைதீவு நாட்டின் பிரதான மின்வலையமைப்போடு இணைக்கப்படாத தீவு. அங்கே கனகாலம் டீசல் ஜெனரேற்றர்தான். காற்று, சூரியன், பற்றறி, டீசல் எல்லாவற்றையும் சேர்த்த கலப்பு மின்திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவோடு பிறகுதான் வந்தது. பொம்மைக்கோ மின்சாரம் தேவையில்லை. அது பாரிஸில் இருந்து வந்த ஒரு சூட்கேசுக்குள் உடுப்புகளுக்கு நடுவில் வந்து சேர்ந்தது. பெட்டி இல்லை, செய்முறைத் தாள் இல்லை. கேமை நான் முழுசாகப் பார்த்தது கம்பஸ் வந்த பிறகு, யூடியூப்பில். ஆக ஹாஸ்ப்ரோ கேம் முதல், பொம்மை பிறகு என்று வரிசையை மாற்றியும், எங்களுக்கு 1984 போலவே பொம்மைதான் முதலில் வந்தது.

அந்த 2010 ஒப்டிமஸ் எப்படி? ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஆனால் கை, கால், தோள் எல்லாம் நல்லாகத் திரும்பும். பழைய 1984 பொம்மை நிற்க மட்டும்தான் தெரிந்த ஆள்; இது முழங்காலில் இருந்து குறிபார்க்கும். ரோபோவாக எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிரச்சினை மாறும்போதுதான். திரையில் ஒப்டிமஸ் லொறியாக மாற ஒரு நொடி போதும். துண்டுகள் சுருங்கும், ஒன்றுக்குள் ஒன்று போய் மறையும். கணினிக்கு அது கணக்கே இல்லை. பிளாஸ்டிக் சுருங்காது. வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு துண்டுக்கும் மடிந்துபோக ஒரு இடம் தேட வேண்டியிருந்தது. கவாமோரி கட்டையை அடுக்கித் தொடங்கினார். இவர்களுக்குத் திரையில் இருந்த உருவத்தைப் பிளாஸ்டிக்கில் ஈடுசெய்கிற வேலை. தாள் இல்லாமல் இதை முதல் தடவை லொறியாக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. அந்தப் பின்னேரத்துக்காகவே இதற்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். எந்தத் திரையும் அதைத் தராது.

ஆனால் லொறியாகி முடிந்ததும் ஒரு வெறுமை. மேசையில் வைத்தால் "இதென்ன சாமான்?" என்றுதான் கேட்பார்கள். "லொறியோ?" என்று கேட்டு, அது ரோபோவாக எழும்பும்போது வாய் பிளக்கிற அந்தக் கட்டம் நடக்கவே நடக்காது. முன்பும் அதிசயம், பின்பும் அதிசயம் எண்டால் மாற்றம் என்பது எங்கே? அதே வருட பம்பிள்பீக்கும் இதே கதி. மெகாட்ரோன் டாங்கியாகிவிட்டான், அது பரவாயில்லை. டாங்கி என்ன என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். மோசமாக ஏமாற்றியது சவுண்ட்வேவ். ஏதோ ஒரு வண்டியாக மாறுகிறான், நெஞ்சில் இருந்து ஒன்றும் வெளியே வராது. கசெட் இல்லாத சவுண்ட்வேவ்!

கேம் துணிந்து செய்ததைப் பொம்மை கடைசி வரைக்கும் செய்யவில்லை என்பதுதான் என் பெரிய குறை. கதை போரைப் பற்றியது, அழிவைப் பற்றியது. பொம்மை பளபளவென்று இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. பிறகு 2018 முடிவில் 'சீஜ்' என்ற பெயரில் ஹாஸ்ப்ரோ மீண்டும் சைபர்ட்ரோன் போருக்கு வந்தபோது பொம்மைகளின் மேல் வெள்ளிப் பூச்சால் போர்க் காயங்களைத் தீட்டியே விற்றது. சேகரிப்பாளர் கனபேர் அழுக்கு எண்டு திட்டினார்கள். எனக்கு அது பிடிக்கும். ஆனால் அந்த வரிசையில் ஒப்டிமஸ் பழையபடி கிட்டத்தட்டப் பூமி லொறிதான். காயம் வந்தவுடன் பழைய வேடமும் திரும்பி வந்துவிட்டது.

இன்னொரு விசயம். 2017 முடிவில் ஆக்டிவிஷனின் ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் கேம்கள் இணையக் கடைகளில் இருந்து எடுக்கப்பட்டன. கம்பனிகளுக்கிடையிலான உரிமம் முடிந்தால் அப்படித்தான். பழைய டிஸ்க் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் யூடியூப். கேமைப் பார்த்துச் செய்த பொம்மை இன்னும் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது.

ஆராவது சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்து வாறதெண்டா, பழைய சாமான் சந்தையில் பார்த்து வரச் சொல்லுங்கோ. 2010 வரிசையில் ஒப்டிமஸ் மட்டும் போதும். சவுண்ட்வேவ் வேணுமெண்டா 'ஃபோல் ஒஃப் சைபர்ட்ரோன்' வரிசையில் பிறகு வந்த பெரியவனைக் கேளுங்கோ. அவனுக்கு நெஞ்சில் இருந்து தட்டு பாய்ந்து பறவையாக விரியும். தட்டு தொலையாமல் உள்ளே இருக்குதோ எண்டு திறந்து பார்த்துத்தான் வாங்கச் சொல்லோணும்.