வாடகை வீட்டுக்காரரிடம் யார் கேட்டார்கள்?

கம்போங் வீடுகளில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தால் அந்தப் பக்கம் கேட்கும். அடுக்குமாடியில் அப்படியா? மூன்றாம் மாடிக்காரருக்குப் பதினைந்தாம் மாடியில் இருப்பவர் யாரென்றே தெரியாது. இருவரும் சந்திக்கும் ஒரே இடம் லிப்ட். அதுவும் பழுதானால் அந்தச் சந்திப்பும் இல்லை.

பினாங்கு இந்த வாழ்க்கைக்கு மாறத் தொடங்கியது 1960-களில். ஆயர் ஈத்தாம் ரைபிள் ரேஞ்சில் 17 மாடிகளில் ஆறும் 18 மாடிகளில் மூன்றுமாக ஒன்பது கட்டடங்கள் எழுந்தன. முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளைப் பொருத்திக் கட்டியதால் வேலை விரைந்தது. அண்டை வீட்டாரின் பழக்கத்தை அப்படி வார்த்தெடுக்க முடியவில்லை.

அண்டை அயலாரை ஒன்றுகூட்ட அரசு எடுத்த பெரிய முயற்சி ருக்குன் தெத்தாங்கா. 1975 ஆகஸ்டு 29-இல் கோலாலம்பூர் கம்போங் காசிப்பிள்ளையில் பிரதமர் துன் அப்துல் ரசாக் அதைத் தொடக்கி வைத்தார். ஒரு தமிழர் பெயர் தாங்கிய கம்போங்கில் அது பிறந்தது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. அன்றைய நோக்கம் பாதுகாப்பு. ஆண்கள் இரவில் கட்டாயம் ரோந்து போக வேண்டும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஒன்றாக நடந்தார்கள், பேசினார்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள்!

பின்னர் சட்டங்கள் வந்தன. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நிர்வாக அமைப்பை ஏற்படுத்தியது. 2013-இல் இயற்றப்பட்ட அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2015-இல் நடப்புக்கு வந்தது. கணக்கு காட்டவேண்டும், ஆண்டுக் கூட்டம் நடத்தவேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு. நல்லதுதான். ஆனால் அங்கே வாக்கு வீட்டு உரிமையாளருக்கே. அரசின் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் எங்கே போய்ப் பேசுவது?

இந்தக் கேள்விக்குச் சுங்கை பினாங் வட்டாரத்தில் ஒரு பதில் கிடைத்தது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இலேயே வரவு செலவுத் திட்டத்தை மக்களோடு சேர்ந்து வகுக்கத் தொடங்கியிருந்தது. அந்த வழியை, பெண்களின் தேவைக்கும் இடம் தந்து, பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் 2012-இல் இங்கே கொண்டுவந்தது. நகராண்மைக் கழகத்துடன் சேர்ந்து முன்னோடியாகத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்புத் திட்டம். மற்றொன்று செபராங் பிறையின் அம்பாங்கான்.

செய்த முறைதான் கவனிக்கத்தக்கது. எல்லாரையும் மண்டபத்தில் உட்காரவைத்து ஒலிபெருக்கியைத் தலைவரிடம் கொடுக்கவில்லை. பொதுக்கூட்டம் என்றால் நம் ஊரில் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தேநீருக்குக் காத்திருப்பார்கள். இங்கே பெண்கள், ஆண்கள், முதியோர், இளையோர் தனித்தனிக் குழுக்களாக உட்கார்ந்து தங்கள் குறைகளைச் சொன்னார்கள். பிறகு எது முதலில் வேண்டும் என்று வாக்களித்தார்கள். துப்புரவும் கட்டடப் பராமரிப்பும் முன்னுக்கு வந்தன.

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். குப்பை நாற்றமும் நின்றுபோன லிப்டும் யாரை அதிகம் வாட்டும்? பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுபவரையா, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏறும் பாட்டியையா? அந்தப் பாட்டியிடம் கேட்காமல் வகுத்த திட்டத்தில் லிப்ட் ஒரு வரிக் கணக்கு. கேட்டு வகுத்ததில் அதுதான் முதல் வரி.

ஒன்று மட்டும் பாக்கி. உரிமையாளருக்கு ஆண்டுக் கூட்டம் சட்டப்படி உரிமை. ஜாலான் சுங்கையில் நடந்ததோ மாநில அமைப்பும் நகராண்மைக் கழகமும் விரும்பியதால் நடந்தது.