லயக்காம்பராவும் வீட்டுரிமையும்: பெருந்தோட்ட வீடமைப்பின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

வீடின்மை என்றதும் பொதுவாக மனக்கண்ணில் தோன்றுவன நகரத்து நடைபாதையும் புகையிரத நிலைய வாசலுமே. கிராமப்புறத்திலும் வீடற்றோர் உளர் என்பது ஆய்வாளராலும் திட்டமிடுவோராலும் அரிதாகவே கருத்திற் கொள்ளப்பட்டுள்ளது. கிராமத்து வீடின்மை வெட்டவெளியிற் கிடப்பதில்லை. அது பிறனொருவனின் கூரையின் கீழ் ஒதுங்கிக் கிடக்கின்றது. கூரைக்குரியவன் இசையும் வரையே அதன்கீழ் இருக்கலாம் என்ற நிலையில் வாழும் மக்களை வீடுடையோர் எனக் கணக்கிடுவது பொருந்துமா என்ற வினாவை இலங்கையின் மலையகப் பெருந்தோட்டங்களை முன்வைத்து ஆராய்வதே எமது நோக்கமாகும். இந்நாட்டின் குடிசன மதிப்பீடுகள் நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்று துறைகளை வகுத்துக்கொண்டமையும் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. நிலத்தோடு மிக நெருங்கி உழைத்த மக்கட் கூட்டமொன்று ‘கிராமம்’ என்னும் வகைக்குள்ளும் அடங்காமற் போனமை வெறும் புள்ளிவிபரவியல் வசதியன்று.

கோப்பிக் காலத்தில் தோட்டத்துக் குடியிருப்பு ஒரு பெரும் பிரச்சினையாக உருப்பெறவில்லை. கோப்பி பருவகாலப் பயிர். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரிற் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டதும், 1869 இல் வெளிப்பட்ட இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தொழித்ததும் பயிர் மாற்றத்தை மட்டுமன்றி உழைப்பின் ஒழுங்கமைப்பையும் மாற்றின. தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே ஆண்டு முழுவதும் அருகிலேயே இருக்கும் உழைப்பாளர் வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வேண்டுமெனிற் குடும்பங்கள் வேண்டும். லயம் என்ற கட்டட வடிவம் நிலைபெற்றது இத்தேவையின் அடிப்படையிலேயாகும்.

லயக்காம்பரா 10 அடிக்கு 12 அடி. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல காம்பராக்கள். சில லயங்களில் இரு வரிசைகள் முதுகோடு முதுகு பொருந்தியவை. சமையல், உறக்கம், பிள்ளைப்பேறு, சாவு யாவும் அந்த ஓரறைக்குள்ளேதான். முன்புறத்து இஸ்தோப்பு விருந்தினர் அமரவும் முதியவர் படுக்கவும் உதவியது. தண்ணீருக்குப் பீலி இருந்தது. சிறை, படைமுகாம் ஆகியவற்றின் கட்டட அமைப்போடு லயத்தை ஒப்பிடுவோர் உளர். ஒப்புமை தவறானதன்று; எனினும் அது தோற்றத்தோடு நின்றுவிடுகின்றது. லயம் முதலாளிக்கு ஆற்றிய பொருளாதாரப் பணியே முதன்மையானது. விடியற்காலைப் பிரட்டுக்குத் தொழிலாளர் பிந்தாமல் வர அது உதவியது. வராதவரை வீடுவரை சென்று அழைக்கக் கங்காணிக்கு வழி செய்தது. அடுத்த தலைமுறை உழைப்பாளரை மிகக் குறைந்த செலவில் அவ்விடத்திலேயே உருவாக்கிக் கொடுத்தது. கொழுந்து மடுவத்தையும் தொழிற்சாலையையும் போன்று லயமும் உற்பத்திச் சாதனங்களுள் ஒன்றாகவே இருந்தது. (மக்கள் தம் உறைவிடத்தைக் குறிக்க வழங்கிய இரு சொற்களும் பிறமொழி வழி வந்தமை சுவையானதொரு செய்தி. ‘லயம்’ ஆங்கிலத்திலிருந்தும் ‘காம்பரா’ போர்த்துக்கேயத்திலிருந்தும் வந்தன.)

துண்டு முறை பற்றி வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியுள்ளனர். தொழிலாளியின் கடனைக் குறித்த அத்துண்டு, கடன் தீர்க்கப்படாமல் அவர் வேறு தோட்டத்திற்குச் செல்லாதவாறு தடுத்தது. 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் கட்டு அறுந்த பின்னரும் தொழிலாளி பெயர்ந்து செல்ல இயலாதிருந்தமைக்குக் காரணம் யாது? பெயர்ப் பதிவும் காம்பராவும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தமையே என்பது எமது கருத்து. பேரேட்டிற் பெயர் உள்ளவரை காம்பரா உண்டு; பெயர் வெட்டப்பட்டாற் காம்பராவும் இல்லை. இது இலங்கைக்கே சிறப்பாக உரிய நிலைமையன்று. 1844 இல் வட இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது சுரங்க உடைமையாளர் தமக்குச் சொந்தமான குடிசைகளிலிருந்து அவர்தம் குடும்பங்களை வெளியேற்றியதை ஏங்கெல்ஸ் தமது இளமைக்கால நூலிற் பதிவு செய்துள்ளார். தொழில் தருபவனே வீடும் தருபவனாக இருக்கும்போது வேலைநிறுத்தம் செய்பவன் கூலியோடு கூரையையும் இழக்கத் துணிந்தவனாதல் வேண்டும்.

குடியிருப்போடு சேர்ந்த ‘நலன்புரிச் சேவை’களும் இந்த நோக்கிலேயே ஆராயப்படவேண்டியவை. மருத்துவத் தேவைகள் தொடர்பாக 1872 இலும் 1912 இலும் கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. தோட்டந்தோறும் டிஸ்பென்சரியும் பிள்ளைக்காம்பராவும் தோன்றின. இவற்றால் மக்கள் பயன் பெறவில்லை என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது, உயிர்கள் காக்கப்பட்டன. ஆயினும் சேவை எந்தப் புள்ளியில் தொடங்கி எந்தப் புள்ளியில் முடிந்தது என்பதை நோக்கினால் அதன் வர்க்கத் தன்மை புலப்படும். தாயின் கைகள் கொழுந்தெடுக்க விடுபடவேண்டிய நேரத்திற்குப் பிள்ளைக்காம்பரா இருந்தது. மாலையில் தண்ணீர் சுமந்து, விறகு பொறுக்கி, புகை நிறைந்த ஓரறையிற் சமைத்த அதே தாய்க்கு எந்தச் சேவையும் இருக்கவில்லை. அது கூலி பெறாத உழைப்பாதலால் கணக்கிற் சேரவில்லை.

அரசின் காணிக் கொள்கை இம்மக்களை எவ்வாறு நோக்கியது என்பதற்கு வருவோம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டமும் கண்டிக் கிராமத்தவரின் காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாக்கின. தோட்டம் கிராமத்தை நெருக்கியது, கிராமத்தவர் நிலமிழந்தனர். அந்த நிலத்திற்கு உழைக்கக் கொணரப்பட்டவர்களும் நிலமற்றோரே. ஒரே செயன்முறை உருவாக்கிய இவ்விரு நிலமற்ற கூட்டத்தினரையும் ஒருவருக்கெதிராக மற்றவரை நிறுத்தியமை பின்வந்த அரசியலின் பெருந்துயராகும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முடிக்காணி பெறும் தகுதி ‘இலங்கையர்’க்கு வரையறுக்கப்பட்டது, பூர்வீக வதிவிடம் என்ற அளவுகோல் கொண்டு தோட்டத் தொழிலாளர் அதன் வெளியே நிறுத்தப்பட்டனர். உலர் வலயக் குடியேற்றங்களில் விவசாயிக்குக் காணியும் வீடும் வாய்க்காலும் சேர்த்துத் திட்டமிடப்பட்டன. கிராமப்புற வீடமைப்பைக் காணியோடும் சேவையோடும் இணைத்துத் திட்டமிட அரசுக்குத் தெரியாமலில்லை என்பதற்கு அக்குடியேற்றங்களே சான்று.

இம்முரண்பாடு கூர்மையாக வெளிப்பட்ட இடம் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டமாகும். அயற்கிராமத்து நிலமற்றோருக்குப் பகிர்ந்தளிக்கவென அரசு அத்தோட்டத்தைக் கையேற்றது. அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு வேலை முடிந்ததென்றும் காம்பராக்களை விட்டு வெளியேறுமாறும் அறிவிக்கப்பட்டது. அவர்கள் வெளியேற மறுத்தனர். 1946 இல் அவர்களுக்கு ஆதரவாகப் பிற தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வு கோராத, குடியிருக்கும் உரிமையை மட்டுமே கோரிய பெரும் போராட்டம் என்ற வகையில் தொழிற்சங்க வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு.

வெளியேற மறுத்த தொழிலாளர் மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. ‘அரசர் எதிர் செல்வநாயகம்’ எனச் சட்ட மாணவர் இன்றும் கற்கும் அவ்வழக்கு (பிரதிவாதியை அதே பெயருடைய அரசியல் தலைவரோடு மயங்குதல் கூடாது) இறுதியில் இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1950 இல் முடிவுற்றது. அத்துமீறல் குற்றமாவதற்கு உடைமையாளருக்குத் தொல்லை விளைவிக்கும் நோக்கம் வேண்டும். தொழிலாளியின் முதன்மையான நோக்கம் தமது குடியிருப்பைத் தக்கவைத்துக் கொள்வதே. உடைமையாளருக்கு எரிச்சல் உண்டாகுமென அவர் அறிந்திருத்தல் கூடும், எனினும் அவ்வறிவு நோக்கமாகிவிடாது எனக் கழகம் தீர்த்தது. தீர்ப்பு தொழிலாளிக்குச் சாதகமானது. அதன் மனிதாபிமானத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அது அவரைக் குற்றவாளி அல்லர் என்றதேயன்றிக் குடியிருப்பின் உரிமையாளர் என்று கூறவில்லை. தலைமுறைகளாக வாழ்ந்த இடத்தில் ஒரு மனிதர் தொடர்ந்து இருப்பது குற்றமா என்பதை அறிய ஏகாதிபத்தியத்தின் உச்ச நீதிமன்று வரை செல்லவேண்டியிருந்தமை, சட்டத்தின் கண்ணில் காம்பரா எத்தகைய பொருளாயிருந்தது என்பதைத் தெளிவாக்குகின்றது.

அத்தீர்ப்பு வெளிவருவதற்கு முன்னரே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களும் பெருந்தொகையான மலையக மக்களை நாடற்றவரும் வாக்கற்றவரும் ஆக்கியிருந்தன. 1964 ஒக்டோபர் 30 இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும் எஞ்சிய 1,50,000 பேர் குறித்துப் பின்னர் முடிவு செய்வதென்றும் வகுத்தது. வீடமைப்பை நோக்குவோருக்கு இவ்வெண்கள் உணர்த்துவது யாதெனில், எவர் இருப்பர், எவர் செல்வர் என்பதே தெரியாத சமூகத்திற்கு எவரும் வீடு திட்டமிடார் என்பதே. பழுதுபார்ப்பைப் பிற்போடுவதற்கு நிருவாகத்திற்கு இதைவிட வசதியான நியாயம் கிடைத்திராது. 1947 இல் தலவாக்கலைப் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவரும், பின்னர் தம் மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டதை நேரிற் கண்டவருமான சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டமை தற்செயலானதன்று. மலையக இலக்கியத்தில் வீடு என்னும் சொல்லின் பொருள் நாடு என்னும் சொல்லின் பொருளோடு பிரிக்கவொண்ணாதவாறு கலந்து நிற்பது இதனாலேயே.

1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் கம்பனித் தோட்டங்களைக் கையேற்ற 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் முற்போக்காளராற் பெரிதும் வரவேற்கப்பட்டவை. வரவேற்றவருள் எமது ஆசிரியத் தலைமுறையினரும் அடங்குவர். உடைமை மாறியது, லயம் மாறவில்லை. பஞ்சமும் வெளியேற்றமும் மலிந்த அவ்வாண்டுகளில் நுவரெலியா மாவட்டத்தில் தோட்டக் காணிகள் பகிர்ந்தளிக்கப்படுவதை எதிர்த்த தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் உயிர்நீத்தார். அவ்வாண்டு வன்செயலில் லயங்களை விட்டோடியவர் பலர் வவுனியாப் பகுதியிற் குடியமர்ந்து முதன்முறையாகச் சொந்த மண்ணிற் குடிசை போட்டனர். அங்கும் அவர்களை நிலைத்திருக்க விடவில்லை என்பது தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு.

1978 இல் நூறாயிரம் வீட்டுத் திட்டமும் 1984 இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் தொடங்கின. இரண்டாவது திட்டம் பயனாளியே தனது வீட்டைத் தீர்மானித்துக் கட்டுவதற்குச் சிறு கடன் வழங்கும் முறையால் உலக அளவிற் பேசப்பட்டது. அதன் கருத்து நல்லதே. எனினும் தன்வீட்டைத் தானே கட்டுதற்குக் காலூன்ற ஒரு துண்டு நிலம் வேண்டும். பெருந்தோட்டத்துக்கெனத் தனிப்பிரிவு இருந்தும் காணி தொழிலாளரின் கைக்கு மாறவில்லை. இதனினும் குறைவாகக் கவனிக்கப்பட்ட தடை 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவாகும். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு அப்பிரிவு தடையாக அமைந்தது. வாக்களித்துத் தெரிவு செய்த சபை லயத்துக்குச் செல்லும் பாதையைத் திருத்த இயலாது; பாதை தோட்டத்துக்குரியது. 2018 இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மலையகத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. தோட்டங்களின் முகாமை 1992 இல் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றபின் வீடமைப்புக்கென நிதியமொன்று அமைக்கப்பட்டதும், ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற கொள்கை 2015 முதல் வலுப்பெற்றதும், இந்திய உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும் 2017 இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டதும் வாசகர் அறிந்தவையே.

மீரியபெத்தையை இங்கு நினைவுகூர வேண்டியுள்ளது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை அருகே மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தும் மக்கள் ஏன் வெளியேறவில்லை எனப் பின்னர் பலர் வினவினர். வினவியவர் எவரும், வெளியேறி அவர்கள் நிற்கக்கூடிய நிலம் எவருடையது எனக் கேட்டதாகத் தெரியவில்லை. அயலில் கண்ணுக்கெட்டிய தூரமெங்கும் தேயிலை; அதில் ஒரு பேர்ச்சஸ்கூட அவர்களுடையதன்று. அனர்த்தத் தயார்நிலை என்பது எச்சரிக்கை மணியோடு முடிவதென எண்ணுவோர், சொந்தக் காணியில் வாழ்ந்து பழகியவர்களே.

இறுதியாக, முற்போக்காளரிடையே எழும் ஓர் ஐயத்தைக் கருதவேண்டும். 1872 இல் ஏங்கெல்ஸ் ‘வீட்டுப் பிரச்சினை’ குறித்து எழுதியபோது தொழிலாளியைச் சிறுவீட்டுக்குச் சொந்தக்காரனாக்கும் திட்டங்களைக் கடுமையாகச் சாடினார். சொந்த வீடும் தோட்டமும் தொழிலாளியை ஓரிடத்தில் தளையிடும் என்றார். 1887 இல் எழுதிய முன்னுரையில், செர்மானியக் கிராமியக் கைத்தொழிலாளி தன் சிறு நிலத்தில் விளைவிப்பதை முதலாளி கூலியிலிருந்து கழித்துக்கொள்வதை எடுத்துக்காட்டினார். அவ்வாறாயின் மலையகத்தில் வீட்டுரிமை கோருவது பிற்போக்கானதா? சிலர் இவ்வாறே வாதிடக் கேட்டிருக்கின்றோம். மேற்கோளை அதன் வரலாற்றுச் சூழலிலிருந்து பெயர்த்தெடுப்பதால் வரும் பிழை இது. இங்கு தொழிலாளியைத் தளையிட்டு வைத்தது உடைமையன்று, உடைமையின்மையே. காம்பராவை இழக்கும் அச்சமே ஒன்றரை நூற்றாண்டாகக் கூலியைத் தாழ்த்தி வைத்தது.

எனினும் ஏங்கெல்சின் எச்சரிக்கையை முற்றாகப் புறந்தள்ளவும் இயலாது. அண்மைக்காலத்திற் கம்பனிகள் நாட்கூலிக்குப் பதிலாகத் தேயிலைச் செடிகளைக் குடும்பங்களிடம் ஒப்படைத்துக் கொழுந்தை நிறுத்து வாங்கும் வெளியார் உற்பத்தி முறையை முன்னிறுத்தி வருகின்றன. ஏழு பேர்ச்சஸ் வீடு அத்தகைய ஒப்பந்தத்தோடு பிணைக்கப்படுமாயின், குடும்பம் முழுவதும் நேரவரையறையின்றி உழைக்க, சேமலாப நிதியும் பிரசவ விடுமுறையும் இல்லாதொழிய, 1887 இல் விவரிக்கப்பட்ட செர்மானியக் கிராமமே ஹற்றனிலும் பதுளையிலும் உருவாகும். ஆதலால் உறுதிப்பத்திரத்தின் வாசகங்கள் முதன்மை பெறுகின்றன. காணி தோட்டத்தில் வேலை செய்வதை நிபந்தனையாகக் கொள்ளாததா? கொழும்பிற் கடையில் வேலை செய்யும் மகனுக்கும் ஓய்வு பெற்ற தாய்க்கும் அது உரியதா? கொழுந்தெடுக்கும் பெண்ணின் பெயர் அதில் உண்டா? குழாய்நீரும் பாதையும் தபாலும் துரையின் அலுவலகம் வழியே வருமா, பிரதேச சபை வழியே வருமா? இதுவரை கையளிக்கப்பட்ட பத்திரங்களை இவ்வினாக்களோடு ஒவ்வொன்றாக வாசிக்கும் பணியைத் தொழிற்சங்கங்களும் சட்ட மாணவரும் இணைந்து மேற்கொள்ளவேண்டும்; அதற்கு எமது சங்கத்தின் உதவியும் உண்டு.